சுவருக்குக் காய்ச்சல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் முழங்கால், அப்புறம் சர்க்கரை, அப்புறம் பேரப்பிள்ளைகள் என்று பேச்சு ஒரு வரிசையில்தான் போகும். அந்த வரிசையைக் கொஞ்சம் கலைத்துவிட்டு இன்றைக்கு மழையைப் பற்றிச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். தம்போய் என்கிற எங்கள் ஊரில் என் சின்ன வயதில் பெய்த ஆண்டுக் கடைசி மழை. இப்போதும் பெய்கிறதுதான், ஜன்னலைச் சாத்திவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்போது மழை எங்களோடு வீட்டுக்குள் குடியிருந்தது. தகரத்தில் பேசிக்கொண்டே இருக்கும். காயாத துணிகளின் வாடையாக அறைக்கு அறை தொங்கும். காலை எது, மாலை எது என்று தெரியாத ஒரே சாம்பல் வெளிச்சத்தில் பள்ளி விடுமுறை முழுவதும் பாதித் தூக்கத்திலேயே கழியும். இதுவும் அந்தத் தூக்கத்துக்குள் நடந்ததுபோலத்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் நடந்தது. சாட்சிக்கு என் தம்பி இருக்கிறான், கெலாங் பாத்தாவில், தொப்பையோடு.

எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். பின்னால் செம்மண் மேடு. மேட்டை வெட்டித்தான் வீடுகளைக் கட்டியிருந்தார்கள். மண் சரியாமல் இருக்க நீளமாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அப்பா கையைத் தூக்கினாலும் அதன் உச்சி எட்டாது. சுவருக்கும் எங்கள் சமையலறைகளுக்கும் நடுவே ஒரு சந்து. துணி காய்வது அங்கே, கோலி விளையாடுவது அங்கே, பெண்களின் பஞ்சாயத்தும் அங்கே. எங்கள் வீட்டுப் பங்குக்கு அம்மா அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். தகரத்தின் ஒரு முனை வீட்டுச் சுவரில், மறுமுனை மேட்டுச் சுவரில். உள்ளே விறகடுப்பு. அப்பா பலகைத் தொழிற்சாலையில் வேலை செய்ததால் துண்டுக் கட்டைகளுக்குக் குறைவில்லை. தீபாவளி முடிந்தும் அம்மாவுக்கு முறுக்கு ஓயாது. பஸ் நிறுத்தத்துக் கடைக்குச் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுப்புக்கு நாலடி தள்ளி, மேட்டுச் சுவரை ஒட்டி, உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, சாரோங் துணியைக் கட்டி, அதில் என் தம்பி தூங்குவான். பிறந்து ஏழு மாதம். முறுக்கைத் திருப்பிப் போடுகிற இடைவெளியில் அம்மா தொட்டிலை ஒரு இழு இழுத்துவிடுவார். ஸ்பிரிங்கின் கிரீச்சும் எண்ணெயின் சடசடப்பும் மழையும் கலந்த அந்தச் சத்தத்தை இன்றும் தூக்கம் வராத மத்தியானங்களில் நினைத்துக்கொள்வேன்.

விடுமுறை தொடங்கிய வாரம் பக்கத்து வீட்டுக்கு ஒரு அக்கா குடிவந்தார். தனியாக. இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கெடா பக்கம் சொந்த ஊர். வீட்டின் சொந்தக்காரர் ஒரு மலாய்க்காரர். சாவியைக் கொடுத்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறாய் என்று மலாயில் கேட்டார். அக்கா பதில் சொன்னார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சாமான் கொண்டுவந்த லாரிக்காரருக்கு அந்த நேரம்தான் வண்டியைக் கிளப்பத் தோன்றியது. என் காதில் விழுந்தது 'ஜுரு' என்ற பாதிச் சொல் மட்டும்.

உள்ளேயிருந்து அம்மா, "என்னடி வேலையாம் அதுக்கு?" என்றார்.

நானோ மூன்றாம் ஆண்டில் மலாய்ப் பாடத்தில் வகுப்பிலேயே அதிகப் புள்ளி எடுத்தவள். தயங்குவேனா? போன மாதம்தான் படித்திருந்தோம். ஜுருராவாட் என்றால் தாதி. வெள்ளைத் தொப்பி வைத்த பெண்ணின் படம்கூட உண்டு.

"ஜுருராவாட்மா! மிஸ்ஸி!" என்று கத்தினேன்.

நர்ஸை மிஸ்ஸி என்றுதானே நாமெல்லாம் சொல்லுவோம். சாயங்காலத்துக்குள் சேதி எட்டு வீட்டுக்கும் போய்விட்டது. கூடவே, "என் மவதான் மலாயில கேட்டுக் கண்டுபிடிச்சா" என்ற பெருமையும் போனது. அக்கா உண்மையில் சொன்ன சொல் ஜுருதெரா. பொறியியலாளர். தலை ஒன்றுதான், வால்தான் வேறு. வாலை லாரி தின்றுவிட்டது. லாரியை மட்டும் குறைசொல்லி என்ன? வந்திருப்பது பெண்பிள்ளை, 'ஜுரு' என்று கேட்டதும் என் மண்டை தானாகவே மீதியை நிரப்பிக்கொண்டது.

மூன்றாம் நாளே மூலை வீட்டு அத்தை தன் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து இறங்கியிருந்தார். காலில் சப்பாத்து முழுக்கச் செம்மண்.

"மிஸ்ஸி, பையனுக்கு உடம்பு அனலா கொதிக்குது. கொஞ்சம் பாருங்களேன்."

"நான் மிஸ்ஸி இல்லக்கா. நான் இஞ்சினியர்."

அத்தை காதிலேயே வாங்கவில்லை. அக்கா பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "முதல்ல க்ளினிக்குக்குப் போலாம், ஏறுங்க" என்று தன் சின்னக் காரின் கதவைத் திறந்துவிட்டார். அத்தை க்ளினிக் கார்டு எடுக்க உள்ளே ஓடிய நேரத்தில் பையன் பின் ஸீட்டில் கிடந்து உதைத்தான், ஊசி வேண்டாம் என்று அலறினான். அக்கா சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒன்றை எடுத்தார். பித்தளைக் கூட்டுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் இளம்பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு குமிழி. அதை அவன் நெற்றியில் படுக்க வைத்தார்.

"இந்தக் குமிழி நடுவுலயே நிக்கணும். நீ அசைஞ்சா ஓடிரும். பாக்கலாமா?"

தன் நெற்றியைத் தானே பார்க்க முடியாதே. ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த நாங்கள்தான் சொன்னோம்: "நிக்குதுடா! நடுவுல நிக்குது! அசையாத!" அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய மனிதனாகப் படுத்திருந்தான்.

அது கொத்தனார்களும் தச்சர்களும் வைத்திருக்கும் ரசமட்டம். பரப்பு சாய்வாக இருந்தால் குமிழி நகரும், மட்டமாக இருந்தால் நடுவில் நிற்கும். எங்களுக்கு எங்கே தெரியும்? காய்ச்சல் பார்க்கும் கருவி என்றே முடிவு கட்டினோம். குமிழி நடுவில் நின்றால் உடம்பு நன்றாக இருக்கிறது, ஓடினால் காய்ச்சல். அதற்குப் பிறகு எங்களுக்கெல்லாம் வாரம் ஒரு காய்ச்சல் வந்தது. அந்தச் சில்லென்ற பித்தளையை நெற்றியில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பதில் ஒரு சுகம் இருந்தது. அக்காவின் கையில் ஈரமண் வாசனையும் பென்சில் வாசனையும் இருக்கும்.

அக்கா சும்மா இருந்துவிடவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார், நான் இஞ்சினியர் என்று. யாரும் நம்பவில்லை. மஞ்சள் தலைக்கவசத்தைக் காரிலிருந்து எடுத்து வந்தபோது, ஆம்புலன்ஸில் போகிற மிஸ்ஸிக்கு அதெல்லாம் கொடுப்பார்கள் என்று மூலை வீட்டு அத்தை விளக்கம் சொன்னார். அக்காவும் அதைத் தலைகீழாக வைத்து முட்டையும் தக்காளியும் போட்டு வைத்திருந்தால் வேறு எப்படி நினைப்பார்கள்!

இன்னொரு நாள் கடைசி வீட்டு மாமா செத்துப்போன ஒரு ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மாமா கட்டட வேலை பார்க்கும் கொத்தனார்.

"இஞ்சினியர்னு சொல்றீங்களாமே. இதக் கொஞ்சம் பாருங்களேன்."

அக்கா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே. நான் படிச்சது மண்ணும் தண்ணியும். சுவரு, பாலம், கால்வா."

"அலாமாக்! இஞ்சினியருக்கு இஞ்சினும் தெரியல, ரேடியோவும் தெரியல. மண்ணும் தண்ணியும் எனக்கும்தான் தெரியும்லா!"

சந்தே சிரித்தது. அக்காவும் சிரித்தார், ஆனால் எல்லோருக்கும் முன்னால் நிறுத்திக்கொண்டார். நான் பார்த்தேன்.

எல்லோரிலும் அழுத்தமாக நம்ப மறுத்தவர் என் அம்மாதான். அதற்குக் காரணம் இருந்தது. அம்மா கோத்தா திங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அம்மா வாழ்க்கையில் பார்த்த ஒரே இஞ்சினியர், தோட்டத்து எண்ணெய் மில்லுக்கு ஜீப்பில் வந்து போன ஒரு மனிதர். கறுப்புக் கண்ணாடி. கும்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டாராம்.

"எங்கப்பாவுக்கு மிசினுல ரெண்டு விரலு போச்சு. ஓடியாந்தாரு அந்த இஞ்சினியரு. வந்தவரு என்ன கேட்டாரு தெரியுமா? மிசினுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாரு" என்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார். "இந்தப் பிள்ள ஊட்டு வாசலுக்கு வந்ததும் பசியாறிட்டீங்களான்னு கேக்குது. புள்ளைங்க மூக்க தொடைச்சி விடுது. இதப் போயி இஞ்சினியருன்னு சொன்னா நான் நம்பணுமா? மிஸ்ஸிங்களுக்கு வெளிய மருந்து குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கும். அதான் மறைக்குது."

இப்போது நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்த அக்கா எத்தனைக்கு எத்தனை அன்பாக நடந்துகொண்டாரோ, அத்தனைக்கு அத்தனை அவர் இஞ்சினியர் இல்லை என்று உறுதியாகிக்கொண்டே போனது. முறைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருந்தால் ஒரே வாரத்தில் நம்பியிருப்பார்கள்.

மழை வலுத்த ஒரு நாளில் தபால்காரர் அக்காவின் கடிதத்தை எங்கள் வாசலில் போட்டுவிட்டார். உறையின்மேல் அக்காவின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஓடிப்போய்ப் பள்ளிப் புத்தகத்தைத் திறந்தேன். தாதி இருந்த அதே பக்கம், நாலு படம் கீழே ஜுருதெரா இருந்தார். மீசை வைத்த ஆண், யாருக்கோ விரலை நீட்டி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். மீசையைப் பார்த்துவிட்டு நான் அந்தப் படத்தை மனதில் வாங்காமலே தாண்டிப் போயிருக்கிறேன்.

அக்கா சொல்வதுதான் உண்மை. பொய் என்னிடமிருந்துதான் புறப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்குள் எட்டு வீட்டுக்கும் நான்தான் மலாய் மொழிபெயர்ப்பாளர். பள்ளிக்கூடக் கடிதமா, ஆஸ்பத்திரிச் சீட்டா, என்னைத்தான் கூப்பிடுவார்கள். "இவ சொன்னா சரியா இருக்கும்" என்பார் அம்மா, ஊருக்கே கேட்கும்படி. அந்த நாற்காலியிலிருந்து இறங்க எனக்கு மனமில்லை. கடிதத்தை அக்கா வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்து, போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

இதற்கு நடுவில் சுவர் சொல்லாமல் கொள்ளாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுவரின் அடிப்பக்கம் வரிசையாக ஓட்டைகள் உண்டு. மேட்டு மண்ணுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்கு. செம்மண் தண்ணீர் துணியில் தெறிக்கிறது, பூரான் வருகிறது என்று நம் பெண்கள் பழந்துணியைச் சுருட்டி அத்தனை ஓட்டையையும் அடைத்து வைத்திருந்தார்கள். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "தண்ணி உள்ளயே நின்னா சுவத்தத் தள்ளும்க்கா" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் வேலைக்குப் போனதும் மறுபடி அடைத்தார்கள். அவர் பிடுங்குவார், இவர்கள் அடைப்பார்கள். இரண்டு வாரம் இந்த விளையாட்டு ஓடியது.

எங்கள் கொட்டகைக்குள், தொட்டிலுக்கு மேலே, சுவரில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தது. அக்கா ஒரு நாள் ரசமட்டத்தைச் சுவரில் நிமிர்த்திப் பிடித்தார். அதன் முனையில் இன்னொரு சின்னக் குழாய் உண்டு, செங்குத்தைப் பார்க்க. நான் எட்டிப் பார்த்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, சுவருக்குக் காய்ச்சலா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "ஆமா. நல்ல காய்ச்சல்" என்றார்.

மறுநாள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சிமெந்து குழைத்து, மெல்லிய கண்ணாடித் துண்டுகள் இரண்டை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். "பாத்தியாடி, நம்ம மிஸ்ஸி சுவத்துக்குப் பிளாஸ்டர் போடுது!" என்று மூலை வீட்டு அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றே அக்கா தன் அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை இரண்டு கண்ணாடியும் உடைந்திருந்தன.

நான்தான் முதலில் பார்த்தேன். தம்பி தொட்டிலில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு அந்தப் பளபளப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் பாதி வாரிய தலையோடு வந்தார். விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, தொட்டில உள்ள கொண்டு போங்க. இப்பவே. அடுப்பும் இங்க வேணாம். யாரும் இந்தச் சந்துல நிக்கக் கூடாது."

அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். "என்ன மிஸ்ஸி நீங்க, காலங்காத்தால. கடைக்கு முறுக்கு போகணும்லா."

"சுவரு சாயுதுக்கா. நான் இஞ்சினியர். சத்தியமா சொல்றேன். சுவரு, மண்ணு, தண்ணி, இதுதான் என் வேலையே."

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா? கடைசி வீட்டு அண்ணன் இருவது வருசமா செங்கலு பிடிக்கிறவரு. அவரே நேத்து வந்து தட்டிப் பாத்துட்டு, இது நம்ம காலத்துக்கும் நிக்கும்னாரு. ஒங்களுக்கு மருந்து தெரியும், ஒத்துக்கறேன். சுவத்தப் பத்தி ஒங்களுக்கென்ன தெரியும்?"

தம்பிக்கு நேர்மேலே அந்த விரிசல். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அம்மா, அவங்க இஞ்சினியர்தாம்மா! ஜுருதெரா! நான்தான் தப்பா சொல்லிட்டேன்!"

மாவுக் கையோடு அம்மா என் முதுகில் வைத்தார் ஒன்று. "பெரியவங்க பேசுறப்ப நடுவுல வந்து பொய் சொல்ற! அன்னிக்கு மிஸ்ஸின்னு சொன்னதும் நீதான், இன்னிக்கு இல்லன்னு சொல்றதும் நீதானா? எதுடி பொய்யி?"

அடுத்து நடந்ததை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அக்கா என்னைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். இத்தனை நாள் விடாமல் சொல்லிவந்த அந்த ஒரு சொல்லை அந்த இடத்திலேயே இறக்கி வைத்தார்.

"சரிக்கா. அவ சின்னப் பிள்ள, விடுங்க. மிஸ்ஸியாவே சொல்றேன்." குனிந்து தம்பியின் நெஞ்சில் காதை வைத்தார். ரசமட்டத்தை எடுத்து அவன் மார்பில் வைத்தார். அவன் காலை உதைத்தான். குமிழி இங்கும் அங்கும் ஓடியது. "பாருங்க, எப்படி ஓடுதுன்னு. நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இந்த அடுப்புப் புகைதான் காரணம். இன்னும் ரெண்டு நாள் இங்கயே போட்டீங்கன்னா பிள்ளைக்கு ஆகாது."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மாவு அப்படியே கிடந்தது. ஐந்து நிமிடத்தில் தம்பி முன்னறைக்குப் போனான், பத்து நிமிடத்தில் அடுப்பு அணைந்தது. "நீங்களும் பதினைஞ்சு நாளைக்கு அங்க போகக் கூடாது, புகை சேலையில ஒட்டிக்கிட்டு வரும்" என்று அக்கா சொன்னதற்கும் அம்மா தலையாட்டினார்.

அன்று அக்கா வேலைக்குப் போகவில்லை. அலுவலகத்துக்கு இந்தத் தரம் போனே போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். மூலை வீட்டு அத்தைக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, சந்துக்குள் குனிந்து நிமிரக் கூடாது என்றார். பிள்ளைகளிடம் சந்து மண்ணில் புழு இருக்கிறது, கால் வழியாக ஏறும் என்றார். கடைசி வீட்டு மாமாவுக்கு மட்டும் என்ன வியாதி சொன்னாரோ, மாமா ஒரு வாரம் முன்வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்குள் சந்து காலியாகிவிட்டது. சுவரைப் பற்றி வாரக்கணக்கில் சொல்லி நடக்காதது, மருந்தின் பெயரால் அரை நாளில் நடந்தது.

எனக்கோ அழுகை அடங்கவில்லை. அடி வலித்ததால் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவை துணிந்து உண்மையைச் சொன்னேன், சொன்னதும் அது பொய்யாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணி வாக்கில், விடாத மழைக்கு நடுவே அது நடந்தது. பெரிய சத்தம் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. யாரோ களைத்துப்போய் உட்கார்ந்த மாதிரி ஒரு நீளப் பெருமூச்சு. தரை அதிர்ந்தது. பின்கதவின் அடியிலிருந்து செம்மண் குழம்பு சமையலறைக்குள் மெதுவாக, அவசரமில்லாமல் வந்தது. மழை நின்றதுபோல் எனக்குத் தோன்றியது. உண்மையில் தகரக் கொட்டகை இல்லாததால் சத்தம் நின்றிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கொட்டகை இருந்த இடத்தில் என் உயரத்துக்குச் செங்கலும் மண்ணும். நடுவில் தொட்டில் ஸ்பிரிங் மட்டும் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. எட்டு வீட்டிலும் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அம்மா தம்பியை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றார். அவன் மூச்சு முட்டி அழுதபோதும் விடவில்லை.

மறுநாள் காலை அக்காவின் அலுவலகத்திலிருந்து ஜீப் வந்தது. அம்மா சொன்ன கதையிலிருந்தே இறங்கி வந்த மாதிரி, கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர். எல்லோரும் விலகி வழிவிட்டோம். அவர் யாரையும் பார்க்காமல் நேராக அக்காவிடம் போனார், கண்ணாடியைக் கழற்றினார், குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். வீட்டுச் சொந்தக்காரர் வந்து, இந்தச் சுவரைப் பற்றி இனி யாரிடம் பேசுவது என்று கேட்டதற்கு, ஜீப்பில் வந்தவர் அக்காவைக் காட்டி, எங்கள் ஜுருதெரா என்று மலாயில் சொன்னார்.

"பாத்தீங்களா, ஜுருன்னு அவங்களே சொல்றாங்க. நம்ம மிஸ்ஸிக்கு எவ்ளோ மருவாதி!" என்றார் மூலை வீட்டு அத்தை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வீட்டுச் சொந்தக்காரரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மிஸ்ஸிக்குக் காப்பி போடணும்" என்று உள்ளே போய்விட்டார். ஆக அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

பள்ளி திறந்த மாதத்தில் அக்காவுக்கு மாற்றலாகிவிட்டது. கிளம்புவதற்கு முன்தினம் என்னை வாசல் படியில் உட்காரவைத்து, "அன்னிக்கு உன்னப் பொய்க்காரியா ஆக்கிட்டேன். மன்னிச்சிரு" என்றார். நான் தேம்பிக்கொண்டே லாரி, ஜுரு, மீசைக்காரர் படம் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அடிப்பாவி! நீதானா?"

சிரித்து முடித்ததும் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மிஸ்ஸின்னு கூப்பிட்டா எனக்குக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. ஆனா எங்க வகுப்புல நான் ஒருத்திதான் பொண்ணு. கஷ்டப்பட்டுப் படிச்சேன். நல்லா பேசினா இஞ்சினியர் இல்லங்கறாங்க. இஞ்சினியரா இருக்கணும்னா நல்லா பேசக்கூடாதா? ஒரு தடவையாவது யாராவது சரியா கூப்பிட்டா நல்லா இருக்கும்னு தோணும். அவ்ளோதான்."

நாளைக்குக் கூப்பிடுவது என்று நான் முடிவு செய்தேன். லாரி கிளம்பும்போது எல்லோர் காதிலும் விழும்படி 'இஞ்சினியரக்கா' என்று கத்த வேண்டும். இரவு முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் பெண்கள் எல்லோரும் மிஸ்ஸிக்குப் பரிசு கொண்டுவந்தார்கள். பவுடர் டப்பா, வெள்ளைக் கைக்குட்டை, வெள்ளைக் காலுறை. அம்மா ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய முறுக்கு. சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவும் அக்காவும் கொல்லைப்பக்கம் போனார்கள். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு சிரட்டை. முறுக்குப் பக்குவம் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது. எங்களைவிட்டுப் போகிற வருத்தம் என்று நினைத்தேன். லாரி உறுமியது. எனக்கு வாயில் வந்தது வெறும் "அக்கா" மட்டும். மீதியை இந்த முறையும் லாரி தின்றுவிட்டது.

ரசமட்டத்தை அக்கா தம்பியின் புதுத் தொட்டிலுக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தார். நாலைந்து வருடம் எங்களிடம் இருந்தது. வீடு மாறியபோது எங்கோ தொலைந்துவிட்டது. இப்போதும் சில சமயம், தலைவலி வந்து படுத்தால், நெற்றியில் அந்தச் சில்லிப்பைத் தேடுகிறேன்.

அம்மா அதற்குப் பிறகும் அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னார். "ஒரு மிஸ்ஸி இருந்திச்சி. நெஞ்சுச் சளின்னு சொல்லித் தொட்டில மாத்தச் சொல்லிச்சி, அதுல என் மவன் பொழைச்சான்." நான் ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டேன். முதுகில் வாங்கிய அடி மறக்குமா?

போன மாதம் கெலாங் பாத்தாவில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா அவனோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. தம்பி பின்பக்கம் புதிதாகச் சமையலறை இழுத்துக் கட்டியிருக்கிறான். கை கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். புதுச் சுவருக்கும் பழைய சுவருக்கும் நடுவே மெல்லிய ஒரு விரிசல். அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு, சிமெந்து வைத்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் பென்சிலில், கோணல்மாணலாக, தேதி. அம்மாவின் கையெழுத்து.

அம்மா பின்னால் வந்து நின்றார். தடியை ஊன்றிக்கொண்டு கண்ணாடியை உற்றுப் பார்த்தார். "ஒடையல. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"யாரும்மா இதச் சொல்லிக் குடுத்தா?"

"அந்தப் பிள்ளதான். பக்கத்து வீட்டுல இருந்திச்சே."

"அந்த மிஸ்ஸியா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும்டி. ஜீப்பு வந்த அன்னிக்கே தெரியும். ஜுருதெராவுக்கும் ஜுருராவாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் மட்டி இல்ல. இஞ்சினியரா வந்து சொன்னப்ப நான் கேக்கல. அது பொய்யி சொன்னப்பதான் கேட்டேன். அத வெளிய சொன்னா, என் பிள்ளைய நானே அந்தச் சுவத்துக்கடியில போட்டு வச்சிருந்தேன்னு சொன்ன மாதிரிதானே? சொல்ல வாய் வரல. உன்னையும் அடிச்சிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணும்மா. ஒரு தடவையாவது சரியா கூப்பிடணும்னு ஆசப்பட்டாங்க. யாருமே கூப்பிடல."

"நான் கூப்பிட்டேன்" என்றார் அம்மா. "லாரி ஏத்துனாங்களே, அன்னிக்கு. சிரட்டையில சிமெந்த எடுத்துக்கிட்டு கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனேன். 'இஞ்சினியரம்மா, இந்தக் கண்ணாடிய எப்படி ஒட்டுறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க'ன்னு கேட்டேன். அப்படியே என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதிருச்சி அந்தப் பிள்ள."